பதின்மூன்று லாக், ஒரு லாக் தண்ணீர்

பர்மிங்ஹாமைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: வெனிஸைவிட இங்கே கால்வாய் அதிகம். எனக்கு அந்த வரி பிடிப்பதே இல்லை. வெனிஸ் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். அங்கே தண்ணீர் தானாக வரும், தானாகப் போகும். பர்மிங்ஹாமின் நட்டநடுவில் இருக்கிற கால்வாயோ கடல் மட்டத்துக்கு 453 அடி, அதாவது 138 மீட்டர் மேலே, ஒரு மேட்டில் நிற்கிறது. அந்த உயரத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் தருகிற பெரிய ஆறு எதுவும் கிடையாது. மழைநீரைத் தேக்கியும் கீழிருந்து இறைத்தும் கொண்டுவந்து நிறுத்தி வைத்த தண்ணீர் அது. ஊர் நடுவில் இருக்கிற கேஸ் ஸ்ட்ரீட் பேசின் என்ற படகுத்துறையில் காபி குடித்துக்கொண்டு படகுகளை வேடிக்கை பார்ப்பவருக்கு இது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கீழேயிருந்து படகை ஓட்டிக்கொண்டு அங்கே ஏறி வருகிறவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அங்கே ஏறுகிற வழிகளில் ஒன்று ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் லாக் வரிசை. லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு உள்ள தொட்டி; தண்ணீரை நிரப்பிப் படகை ஏற்றலாம், வடித்து இறக்கலாம். இந்த வரிசையைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் கிளம்பு, வழியில் நிறுத்தாதே, ப்ரொபெல்லரில் குப்பை சுற்றும், கரையில் பையன்கள் நின்றால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நகர்ந்துவிடு. ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த 13 லாக்குகளில் உண்மையிலேயே படகை மாட்ட வைப்பது எது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இரண்டு லாக்குகளுக்கு நடுவில் இருக்கிற தண்ணீரை யாரும் கணக்கில் வைப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் லாக்கின் மேலேயே இருக்கிறது.

எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இந்த ஊருக்குள் ஏறித்தான் வரவேண்டும். தெற்கே வூஸ்டரிலிருந்து வந்தால் 30 மைலில் 58 லாக். அதில் டார்டபிக்கில் மட்டும் அடுத்தடுத்து 30. பிரிட்டனிலேயே நீளமான வரிசை அதுதான். அதை முடித்துவிட்டால் நகரம் வரைக்கும் ஏற்றம் கிடையாது. வடமேற்கிலிருந்து வருகிறவர்கள் வுல்வர்ஹாம்ப்டனில் 21 லாக் ஏறி, டிப்டனில் 3 லாக் இறங்கி, பொறியாளர் டெல்ஃபோர்ட் நேர்க்கோடாக வெட்டிய அகலமான கால்வாயில் சுகமாக வந்து சேர்கிறார்கள். "அந்தப் பக்கமாக வந்தால் லாக்கே இல்லை" என்று சொல்கிறவர்கள் ஏறின 21ஐ மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஃபேஸ்லியிலிருந்து 38 லாக்: கர்ட்வொர்த்தில் 11, மின்வொர்த்தில் 3, ஆஸ்டனில் 11, கடைசியாக ஃபார்மர்ஸ் பிரிட்ஜின் 13. ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது என்பதை உடம்புக்கே புரிய வைக்கிற வழி இது. கடைசி 13 லாக்குகளும் நகரத்தின் அடிவயிற்றுக்குள்ளேயே ஏறுகின்றன.

கீழிருந்து மேலே

பெரும்பாலானவர்கள் முந்தின இரவு மின்வொர்த் பக்கம் படகைக் கட்டிவிட்டு, காலையில் எழுந்து ஒரே மூச்சாக மேலே போய்விடுகிறார்கள். சால்ஃபர்ட் ஜங்ஷனில் தலைக்கு மேலே ஸ்பகெட்டி ஜங்ஷன். 1972இல் திறந்த அந்த நெடுஞ்சாலைச் சிக்கலின் தூண்களுக்கு நடுவே மூன்று கால்வாய்கள் சந்திக்கின்றன. அங்கேயிருந்து நேரே தென்மேற்காகப் போனால் ஆஸ்டன் லாக்குகள். அதன் உச்சியில் ஆஸ்டன் ஜங்ஷன். டிக்பெத் கிளைக் கால்வாய் இடப்பக்கம் பிரிந்து போகும். அதில் திரும்பாமல் நேராகப் போனால் ஃபார்மர்ஸ் பிரிட்ஜின் அடி லாக் வந்துவிடும். எண் மேலிருந்து தொடங்குவதால் அடியில் இருப்பது 13, உச்சியில் இருப்பது 1. சால்ஃபர்ட்டிலிருந்து உச்சி வரை மொத்தம் 24 லாக். காலியாகத் தயாராக நிற்கிற லாக் என்றால் ஒன்றுக்கு 8 முதல் 10 நிமிடம் போதும். மூன்று பேர் இருந்து வேலை தெரிந்திருந்தால் ஐந்து மணி நேரத்தில் மேலே இருக்கலாம். இரண்டு பேர், அதில் ஒருவர் புதியவர் என்றால் ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

இவை ஒடுக்கமான லாக்குகள். அகலம் சுமார் 7 அடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து 5 செ.மீ. இடைவெளிதான். பக்கவாட்டில் தொங்கும் ரப்பர், கயிற்றுத் தடுப்புகளை எல்லாம் முதல் லாக்குக்கு முன்பே மேலே எடுத்துப் போட்டுவிடுங்கள். சுவருக்கும் படகுக்கும் நடுவில் ஒன்று சிக்கினால் 15 டன் படகு ஆப்படித்த மாதிரி நின்றுவிடும். கையில் இரண்டு விண்ட்லஸ் வேண்டும். லாக்குக்குள் தண்ணீரை விடவும் வடிக்கவும் திறக்கிற பலகை ஷட்டர்; அதைத் தூக்குகிற எல் வடிவக் கைப்பிடிதான் விண்ட்லஸ். 1 அங்குலம், 1¼ அங்குலம் என இரண்டு சதுரத் துளை உள்ளதாக வாங்கினால் நாட்டில் பெரும்பாலான லாக்குகளுக்குப் பொருந்தும். ஒன்று தண்ணீரில் விழும் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டு. இந்த ஊரில் பல லாக்குகளின் ஷட்டர் பொறிக்குக் கைவிலங்கு மாதிரி ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள். அதைத் திறக்கச் சின்னதாக ஒரு தனிச் சாவி உண்டு. போகிற வருகிறவர்கள் விளையாட்டாக ஷட்டரைத் திறந்துவிட்டுப் போகாமல் இருப்பதற்காகப் போட்ட பூட்டு அது. ஏன் அவ்வளவு கவலை என்பது கீழே புரியும்.

ஏறுகிற முறை இதுதான். லாக் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பியிருந்தால், மேலிருந்து யாராவது இறங்கி வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால் அது அவர்களுக்கான லாக், காத்திருங்கள். வரவில்லை என்றால் மேல் கதவும் மேல் ஷட்டரும் முழுக்க மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, கீழ் ஷட்டரைத் தூக்கிக் காலி செய்யுங்கள். இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை கதவு அசையாது. 2.1 மீட்டர் அகலமும் நீருக்குள் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள கதவில் 3 செ.மீ. மட்ட வித்தியாசம் இருந்தாலே சுமார் 95 கிலோ அழுத்தம். முட்டி மோதிப் பிரயோஜனம் இல்லை. பின்புறத்தைக் கதவைத் தள்ளுகிற நீள மரத்தில் சாய்த்துக்கொண்டு நில்லுங்கள், மட்டம் சரியானதும் தானாக நகரும். படகு உள்ளே வந்த பிறகு கீழ்க் கதவை மூடி, கீழ் ஷட்டரை இறக்கி, அதன் பிறகுதான் மேல் ஷட்டர். முதலில் பாதி மட்டும். தரைக்கடியில் இருக்கிற வழியாகப் பாய்கிற தண்ணீர் படகைப் பின்னே தள்ளும், அலை திரும்பி வந்ததும் முன்னே இழுக்கும். மேல் கதவுக்குக் கீழே ஒரு கல்படி நீண்டிருக்கும். முன்முனை அதில் மெல்ல ஒட்டியபடி நழுவி ஏறவேண்டும். அதற்குக் கீழேயோ கதவின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழேயோ மாட்டிக்கொண்டால் முனை அங்கேயே நிற்க, பின்பக்கம் மட்டும் மிதந்து ஏறும். அப்போது ஓட்டுகிறவர் கத்தவேண்டும், ஷட்டரில் இருக்கிறவர் உடனே மூடவேண்டும். ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஷட்டர்காரர் நிற்பது இதற்காகத்தான்.

விண்ட்லஸை ஒருபோதும் பொறியில் மாட்டியபடி விட்டுவிட்டு நகராதீர்கள். பல்சக்கரத்தைத் தடுக்கிற கொக்கி நழுவினால் ஷட்டர் தன் எடையில் இறங்கும், விண்ட்லஸ் விசிறியாகச் சுழலும். மணிக்கட்டும் முன்பல்லும் போவது பெரும்பாலும் இப்படித்தான். மூடும்போதும் கொக்கியைத் தட்டிவிட்டு ஷட்டரை 'டம்'மென்று விழவைப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும். அடியில் பலகை உடையும், பிறகு ஒழுகும். சுற்றித்தான் இறக்கவேண்டும்.

ஒரு லாக் தண்ணீர் எவ்வளவு

இப்போது கணக்கு. 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், இந்த வரிசையில் ஒவ்வொரு லாக்கும் சராசரியாக ஏற்றுவது 1.9 மீட்டர். பெருக்கினால் சுமார் 90 கனமீட்டர், 90,000 லிட்டர். 13 லாக் ஏறினால் உச்சியிலிருந்து 13 மடங்கு தண்ணீர் செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உச்சி லாக்கை நிரப்ப எடுத்த 90,000 லிட்டர்தான் அங்கே இழப்பு. அதே தண்ணீர் லாக் லாக்காக இறங்கி, கடைசியில் டேம் ஆற்றுக்கும் அங்கிருந்து ட்ரென்ட் வழியாக வட கடலுக்கும் போய்விடுகிறது. ஏரிச் சங்கிலியில் மேல் ஏரித் தண்ணீர் கீழ் ஏரியை நிரப்பிக்கொண்டு போவது நமக்குத் தெரிந்ததுதானே, அதே ஏற்பாடு. துல்லியமாகப் பார்த்தால் படகின் எடையும் இதில் சேரும். 17 டன் படகு மேலே ஏறி வெளியே போகும்போது அது இடம் மாற்றுகிற 17 கனமீட்டர் தண்ணீர் பின்னாலேயே லாக்குக்குள் வந்துவிடும். ஆகவே ஏறுகிற படகு உச்சியிலிருந்து 107 கனமீட்டர் எடுக்கும், இறங்குகிற படகு 73தான் எடுக்கும். ஒரு படகு இறங்க, அடுத்து ஒரு படகு ஏற, இப்படி மாறி மாறிப் போனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு லாக் தண்ணீர் போதும். இறங்குகிற படகுக்காகக் காத்திருக்கச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை.

இந்தக் கணக்குக்காக இந்த ஊர்க் கால்வாய்க் கம்பெனிகள் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. பொறியாளர் பிரிண்ட்லி வெட்டிய முதல் கால்வாய் 1769இல் நிலக்கரி கொண்டுவந்தது. அப்போது ஸ்மெதிக் மேட்டின் உச்சி 491 அடி. அங்கே தண்ணீர் நிற்காமல் வற்றிக்கொண்டே இருந்ததால் 1779இல் போல்ட்டன்-வாட் நீராவி எஞ்சின் ஒன்றை வைத்துக் கீழே போன தண்ணீரைத் திருப்பி மேலே இறைத்தார்கள். அந்த எஞ்சின் இன்றும் திங்க்டேங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் இயங்கும் நிலையில் உள்ள மிகப் பழைய நீராவி எஞ்சின் அதுதான். 1790இல் இன்னொரு பொறியாளர் ஸ்மீட்டன் அந்த மேட்டையே வெட்டி உச்சியை 473 அடிக்கு இறக்கினார். 1820களில் டெல்ஃபோர்ட் ராட்டன் பார்க்கில் நீர்த்தேக்கம் கட்டினார்; இன்றைக்கு எட்ஜ்பாஸ்டன் ரிசர்வாயர் என்று நடைப்பயிற்சிக்குப் போகிறார்களே, அதுதான். கேஸ் ஸ்ட்ரீட் பேசினின் நடுவில் வூஸ்டர் பார் என்று ஒரு திட்டு இருக்கிறது. வூஸ்டர் கால்வாய்க்காரர்கள் தங்களுடைய தண்ணீரை உறிஞ்சிவிடுவார்கள் என்று பர்மிங்ஹாம் கால்வாய்க்காரர்களுக்குப் பயம்; அதனால் இரண்டு கால்வாய்க்கும் நடுவில் 7 அடி 3 அங்குல அகலத்துக்கு ஒரு தடுப்பை விட்டுவைத்தார்கள். 1815 வரைக்கும் சரக்கை ஒரு படகிலிருந்து தூக்கித் தடுப்பைத் தாண்டி அடுத்த படகில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழடி மண்ணைத் தோண்ட முடியாமல் இல்லை. ஒரு லாக் தண்ணீருக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு அது.

ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் வரிசை 1789இல் திறந்தது, ஸ்மீட்டன் கட்டியது. ஊருக்குள் வரும் சரக்குக்கு இதுவே முக்கிய வாசல் என்பதால் நெரிசல் தாங்காமல், கேஸ் விளக்குப் போட்டு இரவும் பகலும் திறந்து வைத்தார்கள். 1844இல் டேம் வேலி கால்வாயும் வாரிக் இணைப்புக் கால்வாயும் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நெரிசலான சரிவில் லாக்குகளை நெருக்கி நெருக்கிக் கட்டியதன் விளைவைத்தான் இன்றைக்குப் படகோட்டுகிறவர் சந்திக்கிறார்: இரண்டு லாக்குக்கு நடுவில் உள்ள தேக்கம் மிகவும் குட்டை. நீளத்தில் இடம் இல்லாததால் பக்கவாட்டில் அகட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் கரைப்பாதைக்கு அடியில் வளைவு கட்டி அந்தப் பக்கமாகத் தண்ணீரைப் பரப்பியிருக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடக்கும் ஓர் இருட்டு மூலை. அந்த மூலைதான் உங்கள் படகைத் தூக்குகிற தண்ணீர்.

உதாரணத்துக்கு ஒரு தேக்கம் 50 மீட்டர் நீளம், பக்க விரிவையும் சேர்த்துச் சராசரி 10 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 500 சதுர மீட்டர். அதிலிருந்து ஒரு லாக் நிரப்பினால் மட்டம் 18 செ.மீ. இறங்கும். ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்தில் 60, 70 செ.மீ. அமிழ்ந்து வருகிற படகுக்கு அந்த 18 செ.மீ. பரவாயில்லை. இரண்டாவது முறையும் நிரப்பினால் அடிவயிறு சேற்றை உரசும். மூன்றாவது முறை, தரைதான்.

முன்னால் ஓடுகிற ஆள்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். மூன்று பேர் இருக்கிற படகில் ஒருவர் சுக்கானில், ஒருவர் லாக்கில், மூன்றாமவர் முன்னால் ஓடி அடுத்த லாக்கைத் தயார் செய்வார். சைக்கிளில் கூடப் போவார்கள். எவ்வளவு முன்னால் போகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று ஒரு நினைப்பு எல்லோரிடமும் இருக்கிறது. நீளமான இடைவெளி உள்ள வரிசையில் அது சரி. இங்கே அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் படகைத் தரைதட்ட வைக்கிறது.

உங்களுக்கு முன்னால் ஒரு படகு ஏறிப் போயிருந்தால் எல்லா லாக்கும் நிரம்பியிருக்கும். நீங்கள் 11ஆம் லாக்கில் இருக்கும்போதே உங்கள் ஆள் 10, 9, 8 மூன்றையும் காலி செய்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10ஐக் காலி செய்தபோது அந்த 90,000 லிட்டரும் 11க்கும் 10க்கும் நடுவில் உள்ள தேக்கத்தில் வந்து விழுந்தது. தேக்கம் ஏற்கெனவே முட்டமுட்ட இருந்தது. வந்த தண்ணீர் முழுக்கக் கலங்கல் வழியாக வழிந்து கீழே போய்விட்டது. அதன் பிறகு நீங்கள் 11ஐ நிரப்புகிறீர்கள். தேக்கம் 18 செ.மீ. இறங்குகிறது, திருப்பிக் கொடுக்க மேலே எதுவும் மிச்சமில்லை. இதே தவறு ஒவ்வொரு லாக்கிலும் நடக்கிறது. பின்னாலேயே வருகிற படகுக்கும் முன்னால் ஓடுகிற ஒருவர் இருந்து, அவரும் இதையே செய்தால் இன்னொரு 18. மாலைக்குள் நடுவில் ஒரு தேக்கம் சேறாகக் கிடக்கும். எல்லோரும் லாக் ஒழுகுகிறது என்று பராமரிப்புக்காரர்களைத் திட்டுவார்கள்.

சரியான முறை, மேல் லாக்கைக் காலி செய்வதையும் கீழ் லாக்கை நிரப்புவதையும் ஒரே நேரத்தில் நடத்துவது. நீங்கள் 11க்குள் நுழைந்து கீழ்க் கதவை மூடும்போது உங்கள் ஆள் 10இன் கீழ் ஷட்டரில் கை வைத்துத் தயாராக நிற்கவேண்டும். 11இன் மேல் ஷட்டர் திறந்ததும் அவர் 10இன் கீழ் ஷட்டரைத் தூக்குகிறார். 10இலிருந்து வெளியேறுகிற தண்ணீர் தேக்கத்தைக் கடந்து நேரே 11க்குள் போகிறது. தேக்கத்தின் மட்டம் ஓர் அங்குலம்கூட அசையாது. 11 நிரம்பி நீங்கள் கதவைத் திறக்கும்போது 10 காலியாகி, அதன் கதவும் திறக்கத் தயாராக இருக்கும். முழுத் தேக்கத்தில், முழு ஆழத்தில் படகு சர்ரென்று போகும். நேரமும் மிச்சம். ஒரு லாக் முன்னால், அதற்கு மேல் ஓர் அடி கூட வேண்டாம். இந்த ஒன்றைக் கைக்கொண்டால் ஃபார்மர்ஸ் பிரிட்ஜைப் பற்றிச் சொல்கிற பயமுறுத்தல்களில் பாதி காணாமல் போய்விடும்.

உங்களுக்கு முன்னால் ஒரு படகு இறங்கிப் போயிருந்தால் கதையே வேறு. எல்லா லாக்கும் காலியாகத் தயாராக இருக்கும்; ஒவ்வொரு தேக்கத்திலும் அந்தப் படகு மேலிருந்து இறக்கிவிட்ட ஒரு லாக் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும். அப்போது முன்னால் ஓடுகிறவருக்குக் கதவைத் திறந்து வைப்பதைத் தவிர வேலை இல்லை.

தேக்கம் வற்றிக் கிடந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காலையில் முதல் ஆளாக வருகிறவர் எதிரில் ஒரு வற்றிய தேக்கம் இருக்கலாம். இரவில் யாரோ ஷட்டரை அரைகுறையாக இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது கதவு இடுக்கில் ஒரு மரத்துண்டு சிக்கியிருக்கும். ஆகவே லாக்கை நிரப்புவதற்கு முன்பு மேலே ஏறி அடுத்த தேக்கத்தைப் பாருங்கள். கல் சுவரில் ஈரக்கோடு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தால் பரவாயில்லை. முழங்கை அளவு தெரிந்தால் நில்லுங்கள். படகைக் கீழே நல்ல ஆழத்தில் கட்டுங்கள், கயிற்றைக் கொஞ்சம் தளர்வாக.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கீழ் லாக்கின் எல்லா ஷட்டரும் அடிவரை இறங்கியிருக்கிறதா, கதவு ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா? ஓட்டையை அடைக்காமல் மேலிருந்து தண்ணீர் விடுவது வீண். அதன் பிறகு எங்கேயிருந்து தண்ணீர் எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். அடுத்த மேல் தேக்கத்திலிருந்து எடுக்கத் தோன்றும். அதுவும் அதே மாதிரி குட்டைத் தேக்கம்தான். அதிலிருந்து எடுத்தால் இப்போது இரண்டு தேக்கம் வற்றும். 60 செ.மீ. குறைந்த 500 சதுர மீட்டருக்கு 300 கனமீட்டர் வேண்டும், மூன்று லாக்குக்கு மேல். அவ்வளவையும் கொடுக்கக்கூடியது உச்சி லாக்குக்கு மேலே இருக்கிற கால்வாய் ஒன்றுதான்; அது பல மைல் நீளம், 300 கனமீட்டர் போனது அதற்குத் தெரியவே தெரியாது. எனவே ஒருவர் முதல் லாக் வரை நடக்கவேண்டும். அங்கே மேல் ஷட்டர் ஒன்று பாதி, கீழ் ஷட்டர் ஒன்று பாதி. அப்படியே இறங்கி வந்து ஒவ்வொரு லாக்கிலும் அதே பாதி. எங்காவது ஒரு தேக்கம் கலங்கலைத் தாண்டி வழிந்தால் அதற்கு மேலே குறைக்கவேண்டும், எங்காவது மட்டம் இறங்கினால் அதற்குக் கீழே குறைக்கவேண்டும். உங்கள் தேக்கம் நிரம்புவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே உச்சியிலிருந்து மூடத் தொடங்கி இறங்கி வாருங்கள், வழியில் இருக்கிற தண்ணீர் மிச்சத்தை நிரப்பிவிடும். மூடும்போது ஒவ்வொரு ஷட்டரையும் கையால் அடிவரை சுற்றி இறக்கிப் பாருங்கள். நீங்களே அடுத்த வற்றலுக்குக் காரணமாகிவிடக் கூடாது.

இதைச் செய்ய ஒரு படகுக்குக் குறைந்தது இரண்டு பேர், செல்போன், ஒரு மணி நேரம் வேண்டும். வாடகைப் படகில் முதல்முறை வந்தவர்களோ, ஒன்றுக்கு மேற்பட்ட தேக்கம் வற்றிக் கிடப்பதைப் பார்ப்பவர்களோ இதில் இறங்கவே வேண்டாம். கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டுக்குப் போன் போடுங்கள். 2012 முதல் இந்தக் கால்வாய்களைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். அவர்களுடைய ஆட்களுக்கு எந்தத் தேக்கம் எவ்வளவு தாங்கும் என்பது மனப்பாடம்.

கொஞ்சம் குறைந்த தேக்கத்தைக் கடக்க முடிவு செய்தால் கதவுக்குக் கதவு நேர்க்கோட்டில் போங்கள். பக்க விரிவுகளில் சேறும் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியும் கிடக்கும். எஞ்சினை முறுக்காதீர்கள். ஆழம் குறைந்த இடத்தில் ப்ரொபெல்லர் வேகமாகச் சுற்றினால் படகின் அடியிலிருந்தே தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ளும், பின்பக்கம் இன்னும் அமிழும், வேகம் குறையும், குப்பையும் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பின்தளத்துக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்து கையை விடவேண்டும். கையுறை கட்டாயம், புடவை அளவு துணி, கம்பி, கட்டுக்கயிறு எதுவும் வரலாம், பழைய ரொட்டிக் கத்திதான் நல்ல ஆயுதம். மூடியைத் திரும்பப் போடும்போது திருகை இறுக்கி இருமுறை பாருங்கள். சரியாக மூடாத அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் எஞ்சின் அறைக்குள் அடித்துப் படகே மூழ்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் தொடவேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் இங்கேயும் உண்டு.

மேலே வந்த பிறகு

ஸ்னோ ஹில் ரயில் பாலத்துக்கு அடியில் போகிற இடம் பட்டப்பகலிலும் குகை மாதிரி இருட்டு. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, வெயிலிலிருந்து வந்த கண் பழகும்வரை எஞ்சினை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஒரு கட்டிடம் கால்வாய்க்குக் குறுக்காகத் தூணில் நிற்கிறது, 152 மீட்டர் பிடி டவர் பக்கத்திலேயே எட்டிப் பார்க்கிறது. உச்சி லாக்கைத் தாண்டினால் கேம்ப்ரியன் வார்ஃப் என்ற படகுத்துறை. அடுத்து ஓல்ட் டர்ன் சந்திப்பு. நடுவில் இருக்கிற வட்டத் திட்டு போக்குவரத்துக்காக வந்தது அல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கரை உடைந்தால் ஊர்க் கால்வாய் முழுக்க வடிந்துவிடும் என்று, தண்ணீரை மறிக்கும் அவசரக் கதவு வைப்பதற்காகப் போட்ட திட்டு. இடப்பக்கம் திரும்பி, பிராட் ஸ்ட்ரீட்டுக்குக் கீழே உள்ள சின்னச் சுரங்கத்தைக் கடந்தால் கேஸ் ஸ்ட்ரீட்.

கோடையில் வார இறுதி என்றால் படகு கட்ட இடம் கிடைப்பது சிரமம். கேம்ப்ரியன் வார்ஃபிலேயே காலியிடம் கண்ணில் பட்டால் அங்கேயே கட்டிவிட்டு நடந்து போங்கள், பத்து நிமிட நடைதான். வந்த வழியிலேயே திரும்பி இறங்குவதாக இருந்தால் ஒரே ஒரு மாற்றம். ஏறும்போது முன்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இறங்கும்போது கண் பின்பக்கம் இருக்கவேண்டும். மேல் கதவுக்கு உள்பக்கம் நீண்டிருக்கும் அந்தக் கல்படி தண்ணீர் இறங்க இறங்கத்தான் வெளியே தெரியும். சுவரில் அதற்கு வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். சுக்கான் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால் படகின் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் தண்ணீரோடு இறங்கும், ஒரு நிமிடத்துக்குள் படகின் முன்கதவு வழியாகத் தண்ணீர் நுழைந்துவிடும். கோட்டைத் தாண்டி முன்னால் நிறுத்துங்கள். இறங்கும் வழியில் மேலே ஏறி வருகிற படகு தெரிந்தால் நீங்கள் காலி செய்த லாக்கின் கதவைத் திறந்தபடியே விட்டுவிடலாம், அவர்கள் அப்படியே உள்ளே வருவார்கள்.